உப்பா, மண்ணா, மூடுபனியா? மலையில் கோதுமை உப்புச் சோதனை சொதப்பினால் எங்கே பார்ப்பது

நீலகிரியில் உவர் நிலம் கிடையாது. மழை கழுவிக் கழுவி மண் புளித்துக் கிடக்கிறது. உப்பு தங்க வழியே இல்லை. ஆனாலும் கோதுமையின் உப்புத் தாங்கும் திறனைப் பார்க்கும் தொட்டிச் சோதனைகள் இங்கே நடக்கின்றன. சமவெளியில் ஏப்ரலில் அறுவடை முடிந்தால் அடுத்த விதைப்புக்கு நவம்பர் வரை காத்திருக்க வேண்டும். மலையிலோ மே மாதம் விதைத்து அக்டோபருக்குள் இன்னொரு தலைமுறை எடுத்துவிடலாம். அதற்காக விதை மேலே வருகிறது. விதையோடு மாணவர்கள் வருகிறார்கள். மாணவர்களோடு உப்புப் பொட்டலமும் வருகிறது.

குன்னூருக்கு மேலே ஒரு வலைக்கூடத்தில் 11 ஆண்டுகளாகத் தொட்டி நிரப்புவதும் தண்ணீர் ஊற்றுவதும் அளப்பதும் என் வேலை. ஒவ்வொரு ஜூலையிலும் யாராவது ஒருவர் வந்து, "அண்ணா, இந்த ரகத்தில் மரபணு வேலை செய்யவில்லை" என்பார். மரபணு அநேகமாக ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருக்கும். தொட்டியில்தான் ஏதாவது கெட்டிருக்கும். கண்ணில் படும் அறிகுறியை வைத்து, செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்கி எங்கே தேட வேண்டும் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: மின்கடத்துத்திறன் (கரைசலில் உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு) அளக்கும் கருவி, கார அமில நிலை (பிஎச்) அளக்கும் கருவி, கைலென்ஸ், ஒரு வாளி சுத்தமான நீர். ரகத்துக்குக் குறைந்தது 2 உப்பில்லாத் தொட்டிகளும் வேண்டும். இவை இல்லாமல் சோதனை வைத்தவர்களுக்கு என்னால் உதவ முடியாது. நோய் எது, உப்பு எது என்று பிரித்துச் சொல்ல ஒப்பிடும் செடியே இருக்காது.

அறிகுறி 1: விதை முளைக்கவில்லை, அல்லது பாதிதான் முளைத்தது

*உப்பில்லாத் தொட்டியிலும் முளைக்கவில்லை என்றால்*

உப்பை மறந்துவிடுங்கள். ஏப்ரலில் அறுத்த விதையை மே மாதம் விதைத்தால் அதற்கு உறக்கம் கலைந்திருக்காது. ஈரத் தாளில் விதையைப் பரப்பி, குளிர்பெட்டியில் 4 பாகை வெப்பத்தில் 3, 4 நாள் வைத்து எடுங்கள். எழுந்துவிடும். அப்படியும் எழாத விதை கிழமாகவோ பூஞ்சை பிடித்ததாகவோ இருக்கும். வேறு விதை கேட்டு வாங்குங்கள். முளைப்பு வேகத்தைச் சமவெளிக் கணக்கில் எதிர்பார்க்கவும் கூடாது. மே மாதத்திலும் இங்கே இரவு குளிர்கிறது. கோவையில் 4 நாளில் தலைகாட்டும் முளை இங்கே 8 நாள் எடுத்துக்கொண்டால் அது பிழை அல்ல.

*உப்புத் தொட்டியில் மட்டும் முளைக்கவில்லை என்றால்*

விதைத்த அன்றே உப்பு ஊற்றிவிட்டீர்கள். முளைக்கும்போது உப்பைத் தாங்குவது ஒரு குணம். வளர்ந்த செடி இலைக்குச் சோடியம் ஏறாமல் தடுப்பது முற்றிலும் வேறு குணம். நீங்கள் தேடுவது இரண்டாவது குணம் என்றால், நாற்று 7 முதல் 10 நாள் வளர்ந்த பிறகே உப்பைத் தொடங்குங்கள்.

அறிகுறி 2: உப்பு ஊற்றிய மறுநாளே செடி சாய்ந்துவிட்டது

முழு அளவையும் ஒரே ஊற்றாக ஊற்றினால் வேருக்கு ஏற்படும் அதிர்ச்சி வேறு, உப்பு நிலத்தில் செடி மெல்ல மெல்லப் படும் பாடு வேறு. 25 மில்லிமோலாராகக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை ஏற்றுங்கள். லிட்டருக்கு 1.46 கிராம் சோடியம் குளோரைடு ஒரு படி. 100 மில்லிமோலாருக்கு 2 நாள், 150க்கு 3 நாள் ஆகும்.

படிப்படியாக ஏற்றியும் சாய்கிறதா? சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், போட்டீர்களா என்று பாருங்கள். சோடியம் மட்டும் ஏறினால் வேர்ச் சவ்வு பலவீனப்பட்டு எல்லாம் உள்ளே புகுந்துவிடும். 15 பங்கு சோடியத்துக்கு 1 பங்கு கால்சியம் என்பது வழக்கமான கணக்கு. 150 மில்லிமோலார் உப்புக் கரைசலில் லிட்டருக்குச் சுமார் ஒன்றரை கிராம் கால்சியம் குளோரைடு சேர்க்க வேண்டும். கால்சியம் குறைந்த செடியில் புது இலையின் நுனிதான் முதலில் சுருண்டு வாடும். உப்பால் வாடும் செடியில் பழைய இலை முதலில் போகும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

ஒரு வருடம் ஒரு மாணவர் கடைவீதியில் வாங்கிய கல்லுப்பைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தார். கல்லுப்பில் மெக்னீசியமும் சல்பேட்டும் கலந்திருக்கும். ரசத்துக்கு அது போதும். ஆய்வுக்கூடத் தர உப்பையே வாங்குங்கள்.

அறிகுறி 3: உப்பு ஊற்றி 3 வாரம் ஆகியும் செடி பச்சைப்பசேலென்று நிற்கிறது

மலையில் வைக்கும் சோதனையில் அதிகம் வருவது இதுதான். "என் ரகம் உப்பைத் தாங்குகிறது" என்று துள்ளிக் குதிக்கும் முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலில் வடிநீர். தொட்டியின் அடித் துளையில் ஒரு டம்ளரை வைத்து, ஊற்றிய கரைசல் வடிந்து வருவதைப் பிடியுங்கள். ஊற்றியதற்கும் வடிவதற்கும் மின்கடத்துத்திறன் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். 10 டெசிசீமன் (மின்கடத்துத்திறனின் அலகு, மீட்டருக்கு) ஊற்றி 4 வடிந்தால், கூரை ஒழுகி மழை உங்கள் உப்பைக் கழுவிக்கொண்டிருக்கிறது. தென்மேற்குப் பருவமழையில் உதகைப் பக்கமும் வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் வலைக்கூடம் என்பது பேருக்குத்தான் கூரை. சாரல் பக்கவாட்டில் அடிக்கும். மேலே பாலித்தீன் போட்டிருந்தாலும் ஓர வரிசைத் தொட்டிகளைத் தனியாக அளந்து பாருங்கள்.

அடுத்தது, அளக்கும் கருவி. மின்கடத்துத்திறனை 25 பாகைக்குத் திருத்திச் சொல்வதுதான் மரபு. கரைசல் ஒரு பாகை குளிர்ந்தால் அளவு சுமார் 2 விழுக்காடு குறையும். காலை 7 மணிக்கு 12 பாகையில் இருக்கும் கரைசலை, வெப்பத் திருத்தம் இல்லாத மலிவுக் கருவியால் அளந்தால், 10 டெசிசீமன் இருக்க வேண்டிய இடத்தில் ஏழரைக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். அதைப் பார்த்து உப்பைக் கூட்டுபவரும் உண்டு; மதியம் வெயில் வந்ததும் அளவு ஏறிவிட்டது என்று தண்ணீர் விடுபவரும் உண்டு. இரண்டும் நம் கூடத்திலேயே நடந்திருக்கின்றன, ஒன்றைச் செய்தவன் நானேதான். 1.413 டெசிசீமன் தரக் கரைசல் ஒரு புட்டி வாங்கி வைத்து, வாரம் ஒரு முறை கருவியைச் சரிபாருங்கள்.

மூன்றாவது, மூடுபனி. சோடியம் இலைக்கு ஏறுவது நீராவிப்போக்கின் இழுப்பில். காற்றில் ஈரம் நிறைந்து, வெயிலும் படாமல் கிடக்கும் ஜூலை மாதத்தில் செடி தண்ணீரே இழுப்பதில்லை. இழுக்காத தண்ணீரோடு உப்பு எப்படி ஏறும்? காய்ந்த காற்றில் 10 நாளில் தெரியும் நுனிக்கருகல் இங்கே மாதம் கடந்தும் தெரியாமல் இருக்கலாம். காலையில் ஒரு தொட்டியையும் மாலையில் அதே தொட்டியையும் தராசில் வையுங்கள். எடை குறையவே இல்லை என்றால் உங்கள் செடி வெறுமனே உட்கார்ந்திருக்கிறது. மின்விசிறி போடுங்கள், தொட்டிகளை இடைவெளி விட்டு வையுங்கள், அல்லது சோதனையைப் பிப்ரவரி, மார்ச் வெயிலுக்குத் தள்ளுங்கள். ஜனவரிக்கு மட்டும் தள்ளாதீர்கள். அப்போது உறைபனி வந்து இலை நுனியை வெளுக்க வைக்கும், அதையும் உப்பென்று எழுதிவிடுவீர்கள்.

நான்காவது, அளவு போதாமை. கோதுமை சாதாரணப் பயிர் அல்ல. வேர்மண்டலத்தில் 6 டெசிசீமன் வரை விளைச்சலில் பெரிய இழப்பைக் காட்டாது. அதற்கு மேல் ஒவ்வொரு டெசிசீமனுக்கும் சுமார் 7 விழுக்காடு குறைகிறது என்பது 1977 முதல் பயன்பாட்டில் உள்ள கணக்கு. 50 மில்லிமோலார் என்பது சுமார் 5 டெசிசீமன்தான். அதை ஊற்றிவிட்டு அறிகுறி தேடினால் கண்தான் வலிக்கும்.

நான்கும் சரியாக இருந்து செடியும் பச்சையாக இருந்தால் மகிழ்ச்சி. இலையை அளவுக்கு அனுப்பலாம். 7ஆம் அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி 4: இலை நுனி கருகுகிறது

*உப்பில்லாத் தொட்டியிலும் கருகினால்:* ஊற்றும் தண்ணீர், உரம், பனி என்ற வரிசையில் பாருங்கள். தொட்டி மண்ணில் கோழி எரு கலந்திருக்கிறதா என்று மண் கொண்டுவந்தவரைக் கேளுங்கள். கேரட்டுக்கும் உருளைக்கும் லாரி லாரியாகக் கோழி எரு மலையேறுகிறது; அந்தத் தோட்டத்து மண்ணை அள்ளி வந்தால் உப்பு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. கோத்தகிரிப் பக்கம் கார்னேஷன் வளர்த்த பசுமைக்குடிலின் பழைய மண்ணும் அப்படியே. மழை படாத கூரையடியில் சொட்டுநீரோடு பல ஆண்டுகள் உரம் விட்ட மண் அது. நீலகிரியில் உவர் மண்ணைப் பார்க்க வேண்டுமானால் அங்கேதான் பார்க்க வேண்டும்.

*உப்புத் தொட்டியில் மட்டும், பழைய இலையில் முதலில் கருகினால்:* அதுதான் நீங்கள் எதிர்பார்த்த அறிகுறி. பதற்றப்படாமல் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 5: செடி குட்டை, வேரும் குட்டை, வேர் நுனி தடித்துப் பழுப்பாக இருக்கிறது

இதற்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். சமவெளியிலிருந்து வருபவர்கள் விழும் குழி இதுதான். ஒரு முனைவர் பட்டத்தின் இரண்டு ஆண்டுகளை விழுங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு செடியைத் தொட்டியோடு வாளியில் அமிழ்த்தி, மண் கரையும் வரை ஆட்டி, வேரை வெள்ளைத் தட்டில் விரியுங்கள். உப்பால் வாடிய வேர் குட்டையாக இருக்கும், கிளை குறைந்திருக்கும். ஆனால் நுனி வெள்ளையாக, மெலிதாக இருக்கும். இன்னொரு வகை வேர் உண்டு. நுனி விரலில் வீக்கம் வந்ததுபோல் தடித்திருக்கும், பழுப்பேறியிருக்கும், பக்க வேர்கள் நீளாமல் மொட்டு மொட்டாக நின்றிருக்கும், தொட்டால் முறியும். அது அலுமினிய நஞ்சு.

உப்புதானே ஊற்றினோம், அலுமினியம் எங்கிருந்து வந்தது? மண்ணிலேயே இருந்தது. இந்த மலை மண்ணின் கார அமில நிலை பல இடங்களில் 5ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கிறது. அவ்வளவு புளித்த மண்ணில் களித்துகள்களைப் பிடித்துக்கொண்டு அலுமினியம் உட்கார்ந்திருக்கும். சோடியத்தையும் கால்சியத்தையும் ஏராளமாக ஊற்றும்போது, இடம் பிடிக்கும் போட்டியில் அலுமினியம் கழன்று மண்நீருக்கு வருகிறது. நீங்கள் ஊற்றியது உப்பு. செடி குடித்ததோ அலுமினியம்.

செலவில்லாத சோதனை: ஒரே மண்ணை இரண்டு டம்ளரில் எடுத்து, ஒன்றில் சுத்த நீரும் மற்றொன்றில் உங்கள் உப்புக் கரைசலும் விட்டுக் கலக்குங்கள். அரை மணி நேரம் கழித்துக் கார அமில நிலையைப் பாருங்கள். உப்பு டம்ளரில் அரைப் புள்ளியோ அதற்கு மேலோ இறங்கி 5க்குக் கீழே போயிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. அடுத்த சோதனைக்கு மூன்று வாரம் வேண்டும். மண்ணில் பாதியை எடுத்து, புளிப்பைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்புப் பொடி கலந்து ஈரமாக ஊறவிடுங்கள். கிழங்கு போடுபவர்களும் தேயிலைக்காரர்களும் வாங்கும் அதே டோலமைட்தான். எவ்வளவு என்பதை மண் பரிசோதனை முடிவைப் பார்த்து முடிவு செய்யுங்கள், கைக்கணக்கு வேண்டாம். பிறகு டோலமைட் போட்ட மண், போடாத மண் இரண்டிலும் ஒரே உப்பை ஊற்றுங்கள். டோலமைட் போட்டதில் செடி எழுந்தால் விடை கிடைத்துவிட்டது.

இதில் மரபணு எங்கே சிக்குகிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ரொட்டிக் கோதுமையில் சோடியத்தை வேரிலேயே மடக்கி, இலைக்குப் பொட்டாசியத்தை அனுப்பும் குணம் கேஎன்ஏ1 என்ற இடத்தில் இருக்கிறது. அது 4டி குரோமோசோமின் நீண்ட கையில். அங்கே உட்கார்ந்திருக்கும் மரபணு எச்கேடி1;5. அலுமினியத்தை மேலிக் அமில உப்பால் கட்டிப்போட்டு வேர் நுனியைக் காக்கும் ஏஎல்எம்டி1 மரபணு 2004இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் இடமும் அதே 4டி, அதே நீண்ட கை.

இப்போது நம் ஊர்ச் சம்பா கோதுமையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஏ, பி என்ற இரண்டு குரோமோசோம் தொகுதிகளே உண்டு, 28 குரோமோசோம்கள். 42 கொண்ட ரொட்டிக் கோதுமைக்கு இருக்கும் டி தொகுதி அதற்குக் கிடையாது. புளித்த மலை மண்ணில் உப்பை ஊற்றிச் சம்பாவையும் ரொட்டிக் கோதுமையையும் பக்கத்தில் வைத்தால் சம்பா தோற்கும். சோடியத்தைத் தடுக்கும் மரபணு இல்லாததால் தோற்றதா, அலுமினியத்தைத் தடுக்கும் மரபணு இல்லாததால் தோற்றதா? அந்தத் தொட்டியை வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. ஆனால் ஆய்வேட்டில் மட்டும் "சோடியம் விலக்கம்" என்று ஏறிவிடும்.

தீர்வு: கழுவிய ஆற்று மணலிலோ, சத்துக் கரைசலிலோ சோதனையை வையுங்கள். மண்ணில்தான் வைக்க வேண்டும் என்று வழிகாட்டி பிடிவாதம் பிடித்தால், டோலமைட்டால் 6க்கு மேல் கொண்டுவந்த பிறகு வையுங்கள். களித்துகளிலிருந்து கழன்று வரக்கூடிய அலுமினியத்தின் அளவு எண்ணாக வேண்டும் என்றால் அது வலைக்கூடத்து வேலை அல்ல. மண் வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி அனுப்புங்கள்.

அறிகுறி 6: இலையில் பொடி

வெள்ளைப் பொடி என்றால் சாம்பல் நோய். விரலால் தேய்த்தால் வந்துவிடும். உப்பு பூத்திருக்கிறது என்று எண்ணி ஒருவர் இலையைக் கழுவிக்கொண்டிருந்தார். கோதுமை இலையில் உப்பு அப்படிப் பூக்காது.

செம்பழுப்புப் பொடி என்றால் துரு. லென்ஸில் பாருங்கள். இலை மேல் வட்டவட்டமாகச் சிதறிய ஆரஞ்சுப் பழுப்புக் கொப்புளம் இலைத்துரு. தண்டிலும் அதைச் சுற்றிய இலை உறையிலும் தோலைக் கிழித்துக்கொண்டு நீளமாக வரும் செங்கல் நிறம் தண்டுத்துரு. மஞ்சள் கோடு கோடாக வந்தால் மஞ்சள் துரு. துரு ஏறிய இலை முன்கூட்டியே காய்வதால், பழைய இலை கருகுவதை உப்பின் கணக்கில் எழுதிவிட வாய்ப்பு அதிகம். உப்பில்லாத் தொட்டியிலும் அதே கொப்புளம் இருக்கும், பார்த்தால் தெரிந்துவிடும்.

இங்கே மட்டும் சோதனையை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கோடையில் சமவெளி வெப்பம் துருவைக் கொன்றுவிடுகிறது. நீலகிரியிலும் பழனி மலையிலும் ஆண்டு முழுக்கக் குளிர்; கோதுமைச் செடியும் ஏதாவது ஒரு மூலையில் நின்றுகொண்டிருக்கும். எனவே துரு இங்கே உயிரோடு இருந்து, காற்றோடு தீபகற்பத்து வயல்களுக்கு இறங்குகிறது. மலைகளுக்கு இதில் பங்குண்டு என்பதை தாவர நோயியலாளர் கே. சி. மேத்தா பல பத்தாண்டுகள் முன்பே காட்டினார். குன்னூர் அருகே வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் கோதுமைத் துருவைக் கவனித்துக்கொண்டிருப்பதும் அதனால்தான். ஜூலையில் பச்சையாக நிற்கும் உங்கள் 60 தொட்டிகள் துருவுக்கு ஒரு சத்திரம்.

எனவே: கொப்புளம் தெரிந்த அன்றே நிலையத்துக்குச் சொல்லுங்கள். இலை மாதிரியைக் காகித உறையில் போடுங்கள். பாலித்தீனில் போட்டால் அழுகிவிடும். புரோபிகோனசோல் தெளிப்பதானால் லிட்டருக்கு 1 மில்லி, எல்லாத் தொட்டிக்கும் ஒரே நாளில், உப்பில்லாத் தொட்டி உட்பட. தெளித்த தேதியைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அந்த வகை மருந்து செடியின் வளர்ச்சியிலும் கை வைக்கும். தெளித்த அடுத்த சில நாள்களில் மரபணு வெளிப்பாட்டுக்கு இலையோ வேரோ எடுக்காதீர்கள்.

அறிகுறி 7: சோடியம் எண் நம்பும்படி இல்லை

*ஒரே ரகத்தின் மூன்று தொட்டிகளில் மூன்று விதமான எண்*

எந்த இலையை எடுத்தீர்கள்? ஒருவர் மூன்றாம் இலை, மற்றொருவர் கையில் கிடைத்த இலை என்று எடுத்தால் எண் ஒத்துவராது. பழைய இலையில் சோடியம் சேர்ந்துகொண்டே போகும். வழக்கமான முறை: மூன்றாம் இலை வெளிவந்த 10ஆம் நாள், இலைத்தாளை மட்டும், உறையை விட்டு வெட்டுவது. உறையை ஏன் விட வேண்டும்? ஒற்றைக் கோதுமை (ஐன்கார்ன் என்ற பழங்காலக் கோதுமை) வழியாக வந்த நாக்ஸ்1 மரபணு உள்ள வரிசைகளில் சோடியத்தின் ஒரு பகுதி உறையிலேயே நிறுத்தப்படுகிறது. நாக்ஸ்2 வேரில் மட்டும் வேலை செய்கிறது. உறையையும் தாளையும் சேர்த்து அரைத்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும். நேரம் இருந்தால் இரண்டையும் தனித்தனியாக அளந்து வையுங்கள்; பின்னால் பயன்படும்.

*உப்பில்லாத் தொட்டியிலும் சோடியம் அதிகம்*

கையைப் பாருங்கள். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஒரு மாலையில் பிளேடால் இலை வெட்டிக்கொண்டிருந்த மாணவியின் பக்கத்தில் பொட்டலம் விரித்திருந்தது. பஸ் நிலையத்தில் வாங்கிய உப்புக் கடலை. அவர் இரண்டு கடலை, ஒரு இலை, இரண்டு கடலை, ஒரு இலை என்று நிதானமாக வேலை செய்துகொண்டிருந்தார். அந்தத் தட்டு முழுவதையும் மறுநாள் மீண்டும் வெட்டினோம். வியர்வையும் போதும் கெடுக்க. கையுறை போடுங்கள். கண்ணாடிக் குடுவையை விடப் பாலிபுரொப்பிலீன் குழாய் நல்லது. கண்ணாடியிலிருந்து சோடியம் கசியும். குழாயை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இரவு முழுக்க ஊறவைத்து, சுத்த நீரில் மும்முறை அலசுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் இலை போடாத வெற்றுக் குழாய் இரண்டு இருக்கட்டும். அவற்றில் சோடியம் தெரிந்தால் பிழை உங்கள் அமிலத்திலோ நீரிலோ இருக்கிறது.

*எண்கள் எல்லாம் ஒரே இடத்தில் முட்டி நிற்கின்றன*

சோடியத்தை அளக்கும் சுடர் ஒளிமானியின் நேர்கோட்டு எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். 10 மடங்கு நீர்த்து மீண்டும் பாருங்கள். நீர்த்தும் சரியாகவில்லை என்றால் வாயு அழுத்தம், உறிஞ்சு குழாய் அடைப்பு. அதற்கு மேல் கருவியைக் கழற்ற வேண்டாம், பழுது பார்ப்பவரை அழைத்துவிடுங்கள். மலைக்கு அவர் வந்துபோகும் செலவு நமக்குத்தான் விழும் என்றாலும் புதுக் கருவியை விட அது மலிவு.

அறிகுறி 8: மரபணு வெளிப்பாடு தெரியவில்லை

பிசிஆர் என்பது மரபணுத் துண்டைப் பெருக்கிக் காட்டும் சோதனை. "எச்கேடி1;5க்குப் பிசிஆர் போட்டேன், ஒன்றுமே வரவில்லை" என்றால் நான் கேட்கும் முதல் கேள்வி: எதிலிருந்து ஆர்என்ஏ (வேலை செய்யும் மரபணுவின் நகல்) எடுத்தீர்கள்? பத்துக்கு ஆறு பேர் இலை என்பார்கள். சோடியம் இலையில் அளக்கப்படுகிறது என்பதால் மரபணுவும் இலையில் இருக்கும் என்று எண்ணம். அந்த மரபணு வேரில், நீர் ஏறும் குழாயைச் சுற்றியுள்ள செல்களில் வேலை செய்கிறது. அணையை விட்டுவிட்டுக் கடைமடையில் மதகைத் தேடுவது போலாகும். வேரை எடுங்கள், மணலை 10 வினாடிக்குள் அலசித் திரவ நைட்ரஜனில் போடுங்கள். வேரைத் தட்டில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் ஆர்என்ஏ சிதைந்துவிடும்.

வேரில் எடுத்தும், உப்புக்கு முன்னும் பின்னும் எண் மாறவில்லையா? அது பிழையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சில மரபணுக்கள் உப்பு வந்தால்தான் எழும். சில எப்போதும் விழித்திருக்கும். கூடாத எண்ணைக் கூட்டிக் காட்ட மாதிரியை மீண்டும் மீண்டும் ஓட்டாதீர்கள்.

எண் தாறுமாறாக ஏறி இறங்கினால், ஒப்பீட்டுக்கு வைத்த மரபணுவே உப்பால் ஆடுகிறதா பாருங்கள். ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டு வையுங்கள். எல்லா நாளும் ஒரே மணிக்கு மாதிரி எடுங்கள். ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் நொதி சேர்க்காத ஒரு குழாயிலும் பட்டை வந்தால் டிஎன்ஏ கலந்திருக்கிறது.

இதெல்லாம் சரியென்றால் முன்னோடித் துண்டைச் (பிசிஆரில் மரபணுவைத் தேடிப் பிடிக்கும் சிறு டிஎன்ஏ இழை) சந்தேகியுங்கள். ரொட்டிக் கோதுமையில் ஒவ்வொரு மரபணுவும் ஏ, பி, டி என்று மூன்று பிரதிகளாக வரக்கூடும். டி பிரதியைத் தேடும் துண்டு பி பிரதியையும் பிடித்துக்கொள்ளும். உறுதி செய்ய ஒரு மலிவான வழி நம் கையிலேயே இருக்கிறது. சம்பா கோதுமையின் டிஎன்ஏவை ஒரு குழாயில் ஓட்டுங்கள். அதில் டி தொகுதி இல்லை, எனவே பட்டை வரவே கூடாது. வந்தால் துண்டு ஏமாற்றுகிறது, அல்லது உங்கள் சம்பா விதையில் வேறு கோதுமை கலந்திருக்கிறது. இரண்டு துண்டுகளை மாற்றி எழுதியும் தீரவில்லை என்றால், பிசிஆர் விளைபொருளை வரிசைப்படுத்த வெளியே அனுப்புங்கள். அங்கிருந்து மேலே என்னால் உதவ முடியாது. மரபியலாளர் ஒருவரோடு உட்கார வேண்டிய இடம்.

அறிகுறி 9: தாங்க வேண்டிய ரகம் விழுந்துவிட்டது, விழ வேண்டியது நிற்கிறது

ஒப்பிட வைக்கும் தாங்கு ரகம் பெரும்பாலும் கார்சியா 65. ராஜஸ்தானின் பாலி மாவட்டத்து உவர் நிலக் கோதுமையிலிருந்து வந்தது. அதன் ரத்தம் கர்னால் உவர் மண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கேஆர்எல் வரிசை ரகங்கள் சிலவற்றில் ஓடுகிறது. அது உங்கள் சோதனையில் முதலில் கருகினால், புதுக் கண்டுபிடிப்பு என்று மகிழாமல் மூன்று இடங்களைப் பாருங்கள்.

தொட்டி எங்கே நின்றது? வெயில் படும் ஓரத்தில் கார்சியா, நிழலில் மற்றது என்றால் அதிகத் தண்ணீர் இழுத்தது அதிக உப்பையும் இழுத்திருக்கும். வாரம் ஒரு முறை தொட்டிகளை இடம் மாற்றுங்கள். கார்சியா உயரமான ரகம். மழைக்காற்றில் சாய்ந்து கிடந்ததை உப்பால் விழுந்தது என்று எழுதிவிட்டீர்களா என்றும் பாருங்கள். குச்சி கட்டுங்கள்.

விதை உண்மையிலேயே அதுதானா? அதே பொட்டலத்திலிருந்து 10 விதையைத் தனியாக நட்டு, கதிர் வரும் வரை விட்டு, உயரமும் கதிர் வடிவமும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். கலந்திருந்தால் அனுப்பிய இடத்திலிருந்து புது விதை வாங்குங்கள்.

கடைசியாக, பெயர்க்குச்சி. மார்க்கர் பேனாவால் எழுதியது மலை வெயிலிலும் சாரலிலும் ஆறு வாரத்தில் வெளுத்துவிடும். ஒருமுறை 40 குச்சிகளில் வெறும் "கே" மட்டும் மிஞ்சியிருந்தது; அது கார்சியாவா கேஆர்எல்லா என்று கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. மரக்குச்சியில் பென்சிலால் எழுதுங்கள். இன்னொன்றைத் தொட்டிக்குள் மண்ணில் புதைத்து வையுங்கள்.